பிரஷ் டப்பாவின் அடியில் நின்ற தண்ணீர்

ஐப்பசி கடைசியில் எங்கள் வீட்டு பாத்ரூம் சுவரில் ஒரு வெள்ளை டப்பா ஏறியது. நாலு டூத்பிரஷை உள்ளே தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினால், யுவி (புற ஊதா) விளக்கு எரிந்து கிருமியைக் கொன்றுவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். மகள் ஆன்லைனில் வரவழைத்தாள். விலை 1,149 ரூபாய். இப்போது மாசி பாதி ஆகிவிட்டது. மழையிலும் பார்த்தாயிற்று, வெயிலிலும் பார்த்தாயிற்று. அதனால் எழுதுகிறேன். ஒரே டப்பா ஏழெட்டுப் பெயர்களில் விற்பதால் பெயரைச் சொல்லிப் பயனில்லை. அமைப்பைச் சொல்கிறேன், பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும்.

முதலில் அது ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். அந்த ஐப்பசியில் பேரனுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் மூன்று நாள். ஐந்து வயதுப் பிள்ளை, துவண்டு கிடந்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு, மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றுக்கோளாறு என்றாலே பயம் வந்துவிடும். தண்ணீரைக் கொதிக்க வைத்தோம், மாடித் தொட்டியைக் கழுவினோம். அப்போதுதான் மகள் பாத்ரூமைப் பார்த்தாள். எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் அட்டாச்டு பாத்ரூம் சின்னது. டாய்லெட்டுக்கும் வாஷ்பேசினுக்கும் நடுவே மூன்றடிகூட இருக்காது. பேசின் மேலே ஒரு பிளாஸ்டிக் கப், அதற்குள் ஐந்து பிரஷ் தலையோடு தலை உரசிக்கொண்டு நின்றன. பிள்ளைக்கு நோய் அதிலிருந்துதான் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவள் பார்த்த இடம் சரியான இடம்.

நான் முப்பத்தோரு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆபரேஷன் கருவிகளையும் துணிகளையும் நீராவியில் கிருமிநீக்கம் செய்கிற ஆட்டோகிளேவ் பக்கத்திலேயே பாதி வாழ்க்கை போயிற்று. எனவே டப்பா வந்ததும் நான் முதலில் தேடியது உள்ளே இருந்த சின்னக் காகிதத்தைத்தான். விளக்கின் அலைநீளம் 275 நானோமீட்டர் என்று போட்டிருந்தது. அது சரியான எண். கிருமியின் டிஎன்ஏவைச் சிதைத்து, அது பெருகாமல் தடுக்கிற வேலையை நன்றாகச் செய்வது யுவி-சி. 200 முதல் 280 நானோமீட்டர் வரை உள்ள பகுதி. ஆஸ்பத்திரிகளில் இருக்கும் பழைய பாதரசக் குழாய் விளக்கு 254. எதிர்வீட்டில் 350 ரூபாய்க்கு வாங்கி மாட்டியிருக்கும் டப்பாவில் அடர் ஊதா வெளிச்சம் பளீரென்று வருகிறது, பார்க்க எங்களுடையதைவிடப் பலமாகத் தெரியும். அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் 395 என்று இருக்கிறது. அது யுவி-ஏ. சில நிமிடம் எரிந்து அணைகிற சின்ன விளக்கில் அதைக் கிருமிநாசினி என்று நம்ப முடியாது. கண்ணுக்குத் தெரிகிற ஊதாவைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடக் கூடாது; யுவி-சி கண்ணுக்கே தெரியாது. வாங்குவதாக இருந்தால் இந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். எண்ணே போடாத டப்பாவைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்றும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். கதவைத் திறந்த நொடியே விளக்கு அணைந்துவிடுகிறது. யுவி-சி கண்ணையும் தோலையும் சுடும். தியேட்டரில் அந்த விளக்கு எரியும்போது யாரையும் உள்ளே விடமாட்டோம். பேரன் ஒரு நாளைக்குப் பத்து தடவை திறந்து பார்க்கிறான், “ஆச்சி, பூச்சி எல்லாம் செத்துப் போச்சா?” என்று கேட்கிறான். அவன் முகத்தில் வெளிச்சம் விழவில்லை என்பதில் எனக்கு முழு நிம்மதி. சார்ஜ் ஒருமுறை ஏற்றினால் மூன்று வாரம் நிற்கிறது. ஒட்டுப்பட்டைதான் மோசம். கார்த்திகை மழையில் டைல்ஸ் வியர்த்து, ஒரு ராத்திரி டப்பா மொத்தமாகக் கழன்று விழுந்தது. பிறகு எலெக்ட்ரீஷியனை வைத்து ஸ்க்ரூ அடித்தோம்.

சரி, வேலை எப்படி?

முதல் வாரம் ஒரு சோதனை செய்தேன். இரவு ஒன்பது மணிக்கு எல்லாரும் பல் தேய்த்து, பிரஷை அலசி உதறி உள்ளே வைத்தோம். விளக்கு ஐந்து நிமிடம் எரிந்து அணைந்தது. காலை ஐந்தரைக்குத் திறந்து ஒவ்வொரு பிரஷின் முடியையும் விரலால் அழுத்திப் பார்த்தேன். நாலும் ஈரம். வெளியே ஜன்னல் விளிம்பில் நான் தனியாக வைத்திருந்த என் பிரஷ், அந்த மழைக்காலத்திலும், முக்கால்வாசி காய்ந்திருந்தது. மகளை எழுப்பினேன்.

“ஏம்மா, அதான் லைட்டு எரியுதுல்லா, பொறவு என்ன?” என்றாள்.

“ஏட்டி, விரலை வச்சுப் பாரு. ஈரம் அப்படியே கெடக்கு” என்றேன்.

எனக்கு ஏன் அது அவ்வளவு பெரிதாகப் பட்டது என்பதை இங்கே விளக்க வேண்டும். ஆட்டோகிளேவில் 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில், நீராவியில் வெந்து வருகிற துணிக்கட்டு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அதைவிடக் கடுமையான கிருமிநீக்கம் வீட்டில் யாராலும் செய்ய முடியாது. ஆனால் அந்தக் கட்டு வெளியே வரும்போது ஈரமாக இருந்தால் அதை ஸ்டெரைல் என்று எடுக்கமாட்டோம். தனியே ஒதுக்கி, திரும்ப முதலிலிருந்து கட்டி ஏற்ற வேண்டும். ஈரத்தின் வழியாக வெளியே இருக்கும் கிருமி உள்ளே ஊறிப் போய்விடும் என்பதுதான் காரணம். புதிதாக வருகிற பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம் இதுதான். அப்படி வளர்ந்த எனக்கு, ஐந்து நிமிட விளக்குக்குப் பிறகு எட்டு மணி நேரம் ஈரத்தோடு மூடிக் கிடக்கும் பிரஷ் மனதுக்கு ஒப்பவில்லை.

வெளிச்சத்துக்கும் ஒரு எல்லை உண்டு. யுவி-சி பட்ட இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும், நிழலில் செய்யாது. பிரஷ் முடி கொத்துக் கொத்தாக நெருங்கி நிற்கிறது. இந்த டப்பாவில் விளக்கு ஒரே பக்கத்தில் இருக்கிறது. முன்வரிசை முடியின் நுனியில் படுகிறது. கொத்தின் அடியில், பற்பசையும் எச்சிலும் தங்குகிற இடத்தில், நிழல். அழுக்கு இருக்கும் இடத்தில் எந்த முறையும் முழுதாகப் பலிக்காது. அதனால்தான் கத்தரியையும் ஃபோர்செப்ஸையும் ஆட்டோகிளேவுக்கு முன்னால் தேய்த்துக் கழுவுகிறோம்.

மார்கழியில் டப்பாவின் அடித்தட்டைக் கழற்றினேன். இதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். அடியில் ஒரு ஸ்பூன் அளவு தண்ணீர் வெள்ளையாகத் தேங்கியிருந்தது. விரலை வைத்தால் வழுவழுவென்று பாசி. மூலையில் கறுப்புப் புள்ளிகள். விளக்கு மேலே இருக்கிறது, தட்டு கீழே இருக்கிறது, நடுவில் பிரஷ்களின் நிழல். தட்டைக் கழற்றலாம் என்று கூட வந்த காகிதத்தில் ஒரு வரி இல்லை. இந்த டப்பா வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே அடியைத் திறந்து பாருங்கள். வாரம் ஒரு முறை சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து மாட்டுங்கள். அடித்தட்டு கழலாத மாடல் என்றால் வாங்காதீர்கள்.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அங்குள்ள பல் மருத்துவச் சங்கமும் பிரஷ் விஷயத்தில் சொல்வது மிக எளிமையாக இருக்கிறது: குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசு, நிமிர்த்தி வை, காற்றில் காயவிடு, ஒன்றோடொன்று தொடாமல் வை, அடுத்தவர் பிரஷைத் தொடாதே, மூன்று நாலு மாதத்தில் மாற்று. மூடிய டப்பாவில் வழக்கமாக வைக்க வேண்டாம் என்கிறார்கள், யுவி கருவி தேவையில்லை என்றும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் இராத்திரி முழுக்க மவுத்வாஷில் ஊறவைக்கிற ஆள், அதுவும் தேவையில்லை. வாய் என்பதே நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள் குடியிருக்கும் இடம். பிரஷில் கிருமியே இருக்கக் கூடாது என்பது நடக்காத காரியம். வெளியிலிருந்து வருவது சேராமலும், இருப்பது பெருகாமலும் பார்த்துக்கொள்ளலாம்.

வெளியிலிருந்து வருவது என்றால் டாய்லெட். இதை மகள் பயந்தது நியாயம். ஃப்ளஷ் செய்யும்போது தண்ணீர்த் துளிகள் காற்றில் எழும்பி அக்கம்பக்கத்தில் படிகின்றன என்று அமெரிக்காவின் பேலர் மருத்துவக் கல்லூரியில் சார்லஸ் கெர்பா என்ற நுண்ணுயிரியலாளர் 1975இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார். 2022இல் கொலராடோவில் பச்சை லேசர் அடித்து அதைக் கண்ணால் பார்க்கும்படி செய்தார்கள். மூடியில்லாத டாய்லெட்டிலிருந்து எட்டு நொடியில் ஒன்றரை மீட்டர் உயரம் வரை துளிகள் போயின. எங்கள் பிளாஸ்டிக் கப் இருந்த உயரம் அதைவிடக் குறைவு. மூடியைப் போட்டுவிட்டு ஃப்ளஷ் செய்தால் போதுமா என்றால், 2024இல் கெர்பாவின் குழுவே வைரஸை வைத்துச் சோதித்து, மூடி போடுவதால் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டது. நம் ஊரில் பல வீடுகளில் இந்தியன் டாய்லெட்; அதற்கு மூடியே கிடையாது. வாளியில் அள்ளி ஊற்றினாலும் தெறிக்கத்தான் செய்யும்.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் ஆச்சி வீட்டில் கக்கூஸ் புறவாசலைத் தாண்டிக் கடைசியில் இருந்தது. பல் தேய்ப்பது கிணற்றடியில், இல்லையென்றால் ஆற்றுப் படித்துறையில். ஆச்சி வேப்பங்குச்சியை மென்று தேய்த்து, அங்கேயே எறிந்துவிட்டு வருவாள். நாளைக்கு வேறு குச்சி. ஈரத்தோடு எடுத்து வைக்க ஒன்றுமில்லை. எனக்கு வேப்பங்குச்சிக்குத் திரும்ப விருப்பம் இல்லை, என் ஈறு அதைத் தாங்காது. ஆனால் கக்கூஸும் பல் தேய்க்கும் இடமும் எவ்வளவு தள்ளி இருந்தன என்பதை அடிக்கடி நினைக்கிறேன். அட்டாச்டு பாத்ரூம் கட்டியபோது அந்தத் தூரத்தை மூன்றடியாக்கிவிட்டோம்.

டப்பாவுக்கு ஆதரவாக ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும், அது கரப்பான். அமெரிக்கக்காரர்கள் மூடாதே என்று சொல்லிவிடலாம். இராத்திரி விளக்கைப் போட்டால் பேசின் அடியிலிருந்து கரப்பான் ஓடுகிற வீட்டில், பிரஷைத் திறந்து வைக்க யாருக்கு மனது வரும்? பல்லி வேறு. டப்பா இருந்த நாட்களில் ஒரு கரப்பான்கூட பிரஷ் பக்கம் வரவில்லை, அது உண்மை. அதற்குக் காரணம் கதவு, விளக்கு இல்லை. கடைசியில் வேரிலேயே கை வைத்தோம். பேசின் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையை வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்தோம், தரைச் சல்லடையை மாற்றினோம். கரப்பான் வெகுவாகக் குறைந்துவிட்டது.

தை பிறந்ததும் பிரஷ்களை இடம் மாற்றினேன். டவுனில் வடக்கு ரத வீதியில் ஒரு பாத்திரக்கடையில் 90 ரூபாய்க்கு எவர்சில்வர் ஸ்டாண்ட் வாங்கினேன். சுவரில் ஸ்க்ரூ அடித்து மாட்டுவது. ஐந்து ஓட்டை, ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி, அடியில் தட்டு கிடையாது. சொட்டுகிற தண்ணீர் நேரே கீழே போய்விடும். அதைப் புறவாசல் பக்கம் இருக்கும் கைகழுவும் பேசினுக்கு மேல், கிழக்குப் பார்த்த ஜன்னல் ஓரம் மாட்டியிருக்கிறோம். டாய்லெட் அங்கிருந்து இரண்டு சுவர் தள்ளி. காலையில் ஏழு மணிக்குத் தேய்த்து வைத்தால், இந்த மாசி வெயிலில் எட்டேகாலுக்குள் முடி கரகரவென்று காய்ந்துவிடுகிறது. சித்திரையில் உச்சி வெயில் நேரே படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பிளாஸ்டிக் கெட்டுவிடும். காற்று இருந்தால் போதும். தென்காசி, குற்றாலம் பக்கம் இருப்பவர்களுக்கு ஆனி ஆடிச் சாரலில் இது இவ்வளவு சுலபமாக இருக்காது. இரண்டு பிரஷ் வைத்துக்கொண்டு காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நாள் காய நேரம் கிடைக்கும். கார்த்திகைக்கு நாங்களும் அப்படித்தான் செய்யப் போகிறோம்.

டப்பாவை யாருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டேன். ஜன்னலே இல்லாத பாத்ரூமில், வேறு இடமும் இல்லாமல் வாடகைக்கு இருப்பவர்கள், பிரஷை முதலில் வெளியே காயவைத்துப் பிறகு டப்பாவில் வைத்தால் கொஞ்சம் பயன் உண்டு. கீமோதெரபி எடுப்பவர்கள் போல உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால், டப்பா வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் பிரஷை அடிக்கடி மாற்றச் சொல்லலாம். மற்றவர்கள் அந்த 1,149 ரூபாயில் குடும்பம் முழுவதற்கும் இரண்டு வருடத்துக்குப் பிரஷ் வாங்கலாம். எங்கள் வீட்டில் ஐந்து பேர், ஒரு பிரஷ் 25 ரூபாய், மூன்றரை மாதத்துக்கு ஒருமுறை மாற்றினாலும் கணக்கு அதற்குள் வந்துவிடுகிறது.

டப்பாவை எடுத்தபோது பேரன் அழுதான். விளக்கு அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. இப்போது அவனுக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறேன். பிரஷ் கைப்பிடியில் மார்க்கர் பேனாவால் மாதத்தின் பெயரை எழுதுவது அவன் பொறுப்பு. இப்போதுள்ள ஐந்திலும் கோணல் எழுத்தில் ‘தை’ என்று இருக்கிறது. சித்திரைக் கடைசியில் மாற்ற வேண்டியவற்றை வாங்கி அடுக்களை அலமாரியில் வைத்தாயிற்று. அவனுடையது மட்டும் சின்னத் தலை, மெல்லிய முடி, பச்சை நிறம்.