பி 0171 கோடு வந்தால் சென்சாரை மாற்ற விடாதீர்கள், முதலில் ஹோஸைப் பார்க்கச் சொல்லுங்கள்

பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கான பதிவு இது. ஸ்கேனரில் பி 0171 என்று கோளாறுக் குறியீடு (கோடு) வந்து, அதைக் காட்டி "ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்தணும்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். என்னிடம் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். முதலில் சென்சார், அடுத்த முறை இன்ஜெக்டர் கிளீனிங், கூடவே ஒரு செட் ஸ்பார்க் பிளக். உண்மையான கோளாறு விரல் நீளமுள்ள ஒரு ரப்பர் ஹோஸில் இருந்தது. அதைக்கூட கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த ஹோஸ் கிழிந்திருப்பது அவர்களுக்கு முன்பே தெரியும். அதற்கான சாட்சி என் வண்டியிலேயே இருந்தது.

ஒர்க்‌ஷாப் பெயரை எழுதப் போவதில்லை. ஒரு பெயரைத் தெரிந்துகொண்டு அந்த இடத்தைத் தவிர்த்தால் தப்பித்துவிடலாம் என்கிற விஷயம் இல்லை இது. இந்த வேலையைச் செய்ய எந்தக் கடைக்கும் ஒரு ஸ்கேனரும் கொஞ்சம் துணிச்சலும் போதும்.

வண்டியில் இருந்த தொந்தரவு இதுதான். ஸ்டார்ட் செய்து நியூட்ரலில் விட்டால் ஆர்பிஎம் முள் ஒரு இடத்தில் நிற்காது. 600 வரை இறங்கி இன்ஜின் அணைந்துவிடும்போல் இருக்கும், உடனே 1,100க்கு ஏறும். சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் நடுங்கும். வண்டி நகர்ந்து வேகம் பிடித்துவிட்டால் ஒரு குறையும் தெரியாது. பிறகு ஒரு நாள் மஞ்சள் நிற செக் இன்ஜின் லைட் எரிந்தது. நின்றால் கோளாறு, ஓடினால் இல்லை என்பதை அட்வைசரிடம் தெளிவாகச் சொன்னேன். அவர் ஜாப் கார்டில் எழுதியது "இன்ஜின் மிஸ்ஸிங்" என்ற இரண்டு வார்த்தை மட்டும். விஷயம் தெரிந்தவருக்கு என் அந்த ஒரு வரியே பாதி டயக்னோசிஸ்.

மாலையில் ஃபோன் வந்தது.

"சார், லீன்னு கோடு வருது. ஆக்ஸிஜன் சென்சார் தப்பா ரீடிங் கொடுக்குது."

"தப்பா கொடுக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"ஸ்கேனரே சொல்லுது சார்."

ஸ்கேனர் அப்படிச் சொல்லவே இல்லை. பி 0171 என்றால் முதல் பேங்கில், அதாவது சிலிண்டர்களின் முதல் வரிசையில், பெட்ரோலுக்குக் காற்று அதிகமாக இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். வி வடிவ இன்ஜினில் மறுபக்கத்துக்கு இதே செய்தி பி 0174 என்று வரும். சென்சாரே பழுதானால் அதற்கென்று வேறு கோடுகள் உண்டு. அதன் ஹீட்டர் போனால் வருவது பி 0135. எரிந்து வெளியேறும் புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சுகிறது என்று சென்சார் சொன்னது, அது உண்மையிலேயே மிஞ்சிக்கொண்டிருந்தது. உள்ளதைச் சரியாகச் சொன்ன ஒரே பாகத்தைத்தான் கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

ஏன் மிஞ்சியது என்பது புரிந்துவிட்டால் யாரும் உங்களை இந்த விஷயத்தில் ஏமாற்ற முடியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கிறது. உள்ளே போகும் காற்றை அது அளந்து இன்ஜினின் கம்ப்யூட்டரான இ.சி.யூ.வுக்குச் சொல்லும். எடைக்கு எடை 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற கணக்கில் இ.சி.யூ. தெளிக்கும். ஆக்ஸிலேட்டருக்கு ஏற்பக் காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்குப் பின்னால் ஏதாவது ஒரு ஹோஸ் கிழிந்திருந்தால் அந்த வழியாக நுழையும் காற்று இந்தக் கணக்கில் சேராது. கடைசியில் ஆக்ஸிஜன் சென்சார் அதைக் காட்டிக்கொடுக்கும், இ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டும். எத்தனை சதவீதம் கூட்டுகிறது என்பதுதான் ஃபியூவல் ட்ரிம். நல்ல வண்டியில் அது பூஜ்யத்தை ஒட்டி, ஐந்து கூடவோ குறையவோ இருக்கும். கூட்டிக் கூட்டி ஒரு எல்லையைத் தாண்டியும் சரிப்படவில்லை என்றால் லைட்டைப் போட்டுவிடும்.

ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியே இருக்கிறது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டில் வேக்கம் (வெற்றிட இழுப்பு) பலமாக இருக்கும்; கடல்மட்டத்தை ஒட்டிய ஊரில் கேஜ் போட்டால் 17 முதல் 21 இன்ச் வரை காட்டும். அந்த இழுப்பில் சின்னக் கிழிசலும் நிறையக் காற்றை உறிஞ்சும். இன்ஜினுக்கு அப்போது தேவைப்படும் மொத்தக் காற்றோ மிகக் குறைவு, ஆகவே கிழிசல் வழியாக வரும் பங்கு பெரிதாகிவிடுகிறது. 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் சரியான வழியில் வரும் காற்று பல மடங்கு கூடுவதால் கிழிசலின் பங்கு தேய்ந்துபோகும். ஐடிலிங்கில் ட்ரிம் எகிறி நின்று, 2,500இல் இறங்கினால் வேக்கம் லீக். ஐடிலிங்கில் ஒழுங்காக இருந்து, ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ட்ரிம் ஏறினால் ஃபியூவல் பம்ப், ஃபில்டர், ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் தேட வேண்டும். இதைப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. அவர்கள் கையில் வைத்திருந்த அதே ஸ்கேனரில் லைவ் டேட்டா என்ற இடத்தில் இது இருக்கிறது.

சென்சார் மாற்றி வண்டி வந்தது. லைட் இல்லை, நடுக்கமும் இல்லை. சில வாரம் கழித்து இரண்டும் திரும்பி வந்தன. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் கடைசியில் ஸ்கேனரால் கோடை அழிக்கிறார்கள். அழித்ததும் லைட் அணையும், இ.சி.யூ. அதுவரை கற்று வைத்திருந்த ட்ரிம் கணக்கும் பூஜ்யமாகும். மறுபடி கற்று, அடுத்தடுத்த ஓட்டங்களில் இதே கோளாறைக் கண்டு உறுதி செய்த பிறகுதான் லைட் எரியும். இடைப்பட்ட காலத்தில் நமக்குக் குணமானதுபோலத் தோன்றும், அவர்களுக்கு பில் செட்டில் ஆகிவிடும். திரும்பப் போனால் "இது வேற சார், இன்ஜெக்டர் அடைச்சிருக்கு" என்பார்கள். என்னிடமும் அதையேதான் சொன்னார்கள், முகத்தில் சலனமே இல்லாமல்.

லைட் மறுபடி எரிந்ததும் வண்டியை வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். தனியாக ஷெட் வைத்திருப்பவர். நான் பழைய பில்களை நீட்டினேன், "அது இருக்கட்டும்ணே, ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். ஒரு பழைய ஹோஸ் துண்டின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை மேனிஃபோல்டைச் சுற்றி ஒவ்வொரு இடமாக நகர்த்தினார். பிறகு ஸ்கேனரைச் செருகி ட்ரிமைக் காட்டினார். ஐடிலிங்கில் கூட்டல் 23. ஆக்ஸிலேட்டரைப் பிடித்து 2,500இல் நிறுத்தியதும் 5. அடுத்து வாய் மழுங்கிய பிளையரால் ஹோஸ்களை ஒவ்வொன்றாக மெதுவாக அழுத்திப் பார்த்தார். இன்ஜினுக்குள் சேரும் ஆயில் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பி.சி.வி. ஹோஸை அழுத்தியதும் இன்ஜின் சத்தமே மாறியது, முள் ஒரு இடத்தில் நின்றது. (இறுகிப்போன பழைய ரப்பரையும் பிளாஸ்டிக் குழாயையும் இப்படி அழுத்தினால் உடைந்துவிடும். பழகிய கைதான் செய்ய வேண்டும்.)

அந்த ஹோஸ் வளைந்து திரும்பும் முழங்கை போன்ற இடத்தை விரலால் தடவினார். கையில் கருப்புப் பிசின் ஒட்டிக்கொண்டு வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால், வளைவின் அடிப்பக்கம் கருப்பு இன்சுலேஷன் டேப் மூன்று சுற்று. ஆயில் ஆவியிலும் சூட்டிலும் பசை உருகி, டேப் ஒரு பக்கம் வாயைப் பிளந்து நின்றது. பிரித்தால் உள்ளே ரப்பர் உப்பிக் கொழகொழத்து, நகம் நுழையும் அளவுக்குக் கிழிசல். மேலிருந்து பானெட்டைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

டேப் ஒட்டியது யார் என்ற கேள்விக்கு அவரே பதில் காட்டினார். புதிதாகப் போட்ட ஆக்ஸிஜன் சென்சாரின் வயரை அதே டேப்பால்தான் பக்கத்து ஹார்னஸோடு சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதே அகலம், அதே பளபளப்பு. கிழிசலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், டேப்பைச் சுற்றியிருக்கிறார்கள், அது தாங்கிய வரை வண்டி ஒழுங்காக ஓடியிருக்கிறது, பில்லை மட்டும் சென்சாருக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஹோஸையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "பார்ட் ஸ்டாக் இல்லாததால பசங்க டெம்பரரியா ஒட்டியிருப்பாங்க சார்" என்றார் அட்வைசர். அப்படியானால் ஜாப் கார்டில் ஏன் எழுதவில்லை, என்னிடம் ஏன் சொல்லவில்லை? "சென்சாரும் கொஞ்சம் வீக்காதான் சார் இருந்துச்சு." வீக் என்றால் எந்த ரீடிங்கை வைத்துச் சொல்கிறீர்கள்? அதற்கு மௌனம். பழைய சென்சார் எங்கே என்றால் ஸ்கிராப்பில் போய்விட்டதாம். கடைசியில் அடுத்த சர்வீஸில் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். அந்த வாசலில் எனக்கு அடுத்த சர்வீஸ் என்று ஒன்று இல்லை என்பது அவருக்கு அப்போதும் புரியவில்லை.

இனி வண்டியை விடுகிறவர்கள், எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிப்பதற்கு முன்னால் ஐடிலிங்கில் ட்ரிம் எவ்வளவு, 2,500இல் எவ்வளவு என்று கேளுங்கள். ஸ்கேனர் திரையை ஃபோனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சென்சார்தான் என்று பிடிவாதமாகச் சொன்னால், கொஞ்ச நேரம் பெட்ரோல் கலவையைக் கூட்டி, சென்சார் வோல்டேஜ் எழுகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். சாதாரண வகைச் சென்சார் 0.1க்கும் 0.9க்கும் இடையில் ஏறி இறங்கும். கூட்டியதும் சட்டென்று 0.8ஐத் தாண்டினால் அது உயிரோடுதான் இருக்கிறது. கழற்றிய பாகம் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுத வையுங்கள்.

லீக் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஸ்மோக் டெஸ்ட்தான் உத்தமம். இன்ஜினை நிறுத்திவிட்டு மிகக் குறைந்த அழுத்தத்தில் இன்டேக்குக்குள் புகை விடுவார்கள், கிழிசல் இருக்கும் இடத்தில் புகை எழும். அந்த மெஷின் இல்லாத கடைகளில் ஓடும் இன்ஜின்மேல் கார்ப் கிளீனரை அடித்து ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கும்போது தீப்பிடிக்கும் திரவத்தைத் தெளிப்பது எனக்குச் சம்மதமில்லை, நீங்களும் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். ஹோஸ் எல்லாம் நன்றாக இருந்தும் லீக் இருந்தால் இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட், பெட்ரோல் டேங்க் ஆவியை இன்ஜினுக்குள் விடும், மூடாமல் நிற்கும் பர்ஜ் வால்வ், பிரேக் பூஸ்டர் டயாஃப்ரம் என்று தேட வேண்டும். சில இன்ஜின்களில் ஆயில் ஊற்றும் மூடி இறுகாமல் இருந்தாலே இந்தக் கோடு வரும்.

இன்னொரு திருட்டு வேலையும் உண்டு. ஐடிலிங் சரியில்லை என்றதும் த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகி ஆர்பிஎம்மைச் சமாளிப்பார்கள். கம்பெனியில் செட் செய்து பெயின்ட் வைத்து அனுப்பும் ஸ்க்ரூ அது. பெயின்ட் உடைந்திருந்தால் யாரோ விளையாடியிருக்கிறார்கள். பிறகு லீக்கைச் சரி செய்தாலும் ஐடிலிங் ஒழுங்காகாது.

மாற்றும் ஹோஸிலும் கவனம் தேவை. பி.சி.வி.க்கு ஆயில், பெட்ரோல் ஆவியைத் தாங்கும் ரகம்தான் போட வேண்டும். பார்க்க அழகாக இருக்கிறது என்று சாதாரண சிலிக்கான் ஹோஸைப் போட்டால் ஆயிலில் ஊறி உப்பிவிடும். தண்ணீர் ஹோஸ் வெட்டிப் போடுவது அதைவிட மோசம், வேக்கம் இழுப்பில் சுவர் ஒட்டிக்கொண்டு வழி அடைபடும். உள் விட்டம் பழையதேதான் இருக்க வேண்டும். மெல்லிய வேக்கம் லைன்களில் முனை மட்டும் இறுகி வெடித்திருந்து, நீளம் கொஞ்சம் மிச்சமும் இருந்தால், முனையை நறுக்கிவிட்டு நல்ல பகுதியைச் செருகிக்கொள்ளலாம். அதில் தப்பில்லை. டேப் மட்டும் எந்த ஹோஸிலும் ரிப்பேர் ஆகாது.

பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸில் இப்படி ஒட்டுவேலை செய்தார்கள் என்றால் அது உயிர் விஷயம். வேக்கம் வரவில்லையென்றால் பெடல் கல்லாகிவிடும், முழு பலத்தோடு மிதித்தால்தான் வண்டி நிற்கும். இதை மட்டும் இன்றே நீங்களே பாருங்கள். இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலைப் பல முறை மிதியுங்கள், இறுகும் வரை. மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ஹோஸ், அதிலுள்ள ஒருவழி வால்வ், பூஸ்டர் மூன்றில் ஒன்றில் கோளாறு. அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல், மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்து கோடை அழித்த பிறகு சில நாள் ஓட்டிவிட்டு ட்ரிமை மறுபடி பாருங்கள். ஸ்கேனர் செருகும் இடத்தில் செருகி ஃபோனோடு இணையும் சின்ன ஓ.பி.டி. அடாப்டரே போதும். லைட் எரியவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். புது ஹோஸ் போட்ட பிறகு என் வண்டியில் ஐடிலிங்கிலும் 2,500இலும் ட்ரிம் 3ஐத் தாண்டவில்லை.

ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாமல், மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் கார்களில், கிழிசல் இருந்தால் மேனிஃபோல்டு அழுத்தம் கூடி இ.சி.யூ. தானே பெட்ரோலைக் கூட்டிவிடும். ட்ரிம் நல்லபடியாகவே தெரியலாம், ஐடிலிங் மட்டும் ஏறி நிற்கும். அந்த வகையில் ஸ்மோக் டெஸ்டை நம்புங்கள். டீசல் கார்க்காரர்களுக்கு மேலே சொன்ன ட்ரிம் கணக்கு எதுவும் பொருந்தாது. உங்கள் வண்டியில் வேக்கம் தனி பம்ப்பில் இருந்து வருகிறது, ஹோஸ் கிழிந்தால் டர்போவோ, புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆரோ ஒழுங்காக இயங்காமல் பிக்கப் விழும். அப்போது "டர்போ போச்சு சார்" என்பார்கள். டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய ஹோஸில் வேக்கம் வருகிறதா என்று கேஜ் போட்டுக் காட்டிய பிறகு பேசச் சொல்லுங்கள்.