பம்மி ரோஜர்ஸ் போஸ்டர்: அச்சுப்பிழை இல்லை, ஆளே போலி

முதலில் இதற்கு ஒரு ஸ்டார்தான் கொடுத்திருந்தேன், இப்போது நான்காக மாற்றுகிறேன்.

பழைய அமெரிக்க மல்யுத்தப் போஸ்டர்களை மறுஅச்சு செய்து விற்கும் ஆன்லைன் கடை இது. "பட்டி ரோஜர்ஸ், 1960கள்" என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். பிற்கால மல்யுத்த நட்சத்திரம் ரிக் ஃபிளேருக்கு முன்பே 'நேச்சர் பாய்' என்று வலம் வந்தவர், 1961 ஜூன் 30 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க்கில் 38,000 பேருக்கு மேல் பார்க்க உலக சாம்பியன் ஆனவர், விடுவேனா? பிரித்தால் கொட்டை எழுத்தில் "பம்மி ரோஜர்ஸ்". கீழே போபோ பிரேசில் என்ற மல்யுத்த வீரருக்குப் பதில் "ஹோபோ பிரேசில்". இன்னொரு வீரர் கில்லர் கோவால்ஸ்கி "ஸ்லக்கர் கோவால்ஸ்கி" ஆகியிருந்தார். ஒரே போஸ்டரில் மூன்று பிழையா என்று கடுப்பில் ஒரு ஸ்டாரைக் குத்திவிட்டு, ரிட்டர்ன் போடுவதற்கு முன் அந்தப் பெயர்களைச் சும்மா தேடிப் பார்த்தேன். ஜாக் ஃபெஃபர் வந்து நின்றார்.

வார்சாவுக்குப் பக்கத்தில் பிறந்து, 1921-ல் ஒரு ரஷ்ய ஆப்பரா குழுவோடு அமெரிக்கா வந்து, அப்படியே மல்யுத்த ப்ரமோட்டர் ஆன மனிதர். 1933-ல் ஜாக் கர்லி, டூட்ஸ் மாண்ட் மாதிரி பெரிய கைகள் கூட்டுச் சேர்ந்து தொழிலைப் பங்கு போட்டுக்கொண்டபோது இவரைக் கழற்றிவிட்டார்கள். நேராக நியூயார்க் டெய்லி மிரர் பத்திரிகையின் டான் பார்க்கரிடம் போய், யார் ஜெயிக்கவேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி முடிவானது என்று போட்டு உடைத்துவிட்டார். அதோடு தொழிலை விட்டாரா என்றால் அதுதான் இல்லை. எப்படியும் நாடகம்தானே என்று வேடிக்கை ஆட்களை வைத்தே கடை நடத்தினார். 1940-ல் பாஸ்டனில் ப்ரமோட்டர் பால் பௌசர் 'பிரெஞ்சு ஏஞ்சல்' மாரிஸ் டில்லேவைக் காட்டிக் கூட்டம் சேர்த்ததும், இவர் 'ஸ்வீடிஷ் ஏஞ்சல்' ஒருவரைக் கொண்டுவந்தார். காப்பியடிப்பது அப்போதே கைவந்த கலை.

பட்டி ரோஜர்ஸை 1940களில் பெரிய ஆளாக்கியதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னால் ரோஜர்ஸ் இவரை விட்டுப் போய்விட்டார். மனிதர் மறக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் பாஸ்டன் பக்கம் வேறு யாரையோ மேடையேற்றி 'பம்மி ரோஜர்ஸ்' என்று போஸ்டர் அடித்தார். அவசரத்தில் படிப்பவன் பட்டி என்று நினைத்து டிக்கெட் வாங்குவான். பம்மி என்றால் வெட்டிப்பயல் மாதிரி, ஹோபோ என்றால் ஊர்சுற்றி. ஆக வசூலும் ஆச்சு, வசவும் ஆச்சு. (பம்மிப் பம்மி வரும் ரோஜர்ஸ் என்று தமிழில் படித்தாலும் பொருந்துகிறது.)

1974-ல் இறந்தார். அவர் சேர்த்துவைத்த கடிதங்கள், படங்கள், நிகழ்ச்சித் தாள்கள் நோட்ரடாம் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. ஊரையே ஏமாற்றியவர் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடத் தூக்கிப்போடாமல் வைத்திருந்திருப்பார் போல.

சரி, பொருளுக்கு வருவோம். தாள் நல்ல கனம், மை கையில் ஒட்டவில்லை, பழைய மஞ்சள் நிறம் அப்படியே வந்திருக்கிறது. அட்டைக் குழாய் மட்டும் நசுங்கி வந்ததால் ஒரு ஓரத்தில் மடிப்பு, அதற்காகத்தான் ஒரு ஸ்டார் குறைத்தேன். கடைக்காரர் பக்கத்தில் இன்னும் "பட்டி ரோஜர்ஸ்" என்றே இருக்கிறது. ஃபெஃபர் அவரையும் ஏமாற்றிவிட்டார், அவர் வழியாக என்னையும். ரிட்டர்னை ரத்து செய்துவிட்டேன்.