கள்ளிக்கொப்பு பிள்ளையான காட்சி எந்த வார்ப்பில் சேரும்?

கொலையுண்டு பேயாகத் திரும்பிவரும் நீலியின் கதையில் ஒரு காட்சி. போன பிறவியில் நகைக்காக அவளைக் கல்லைப் போட்டுக் கொன்றவன், இந்தப் பிறவியில் வியாபாரியாக வழிநடந்து வருகிறான். அவள் கள்ளிக்கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர் என் புருஷன், கோவிச்சுக்கிட்டுப் போறார்’ என்று ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். இறக்கிவிட்ட பிள்ளை ‘அப்பா’ என்று அவனிடம் ஓடுகிறது. பெரியவர்கள் நம்பி, இருவரையும் ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் பிணம் கிடக்கிறது. இந்தக் காட்சியை எந்த வார்ப்பில், அதாவது கதைக்குக் கதை திரும்ப வரும் எந்த மாதிரியில், சேர்ப்பது?

இதைக் கேட்டதும் “பேய் பழிவாங்குறதுதாம்ல, எல்லாப் படத்துலயும் வர்ற டெம்ப்ளேட்” என்று ஒருத்தர் முடித்துவிடுவார். “இல்லண்ணே, இது பொய்சாட்சி வச்சு ஊரை ஏமாத்துறது” என்பார் இன்னொருத்தர். பாளையங்கோட்டையில் நாட்டார் வழக்காற்றியல் படிக்கிறவர்களுக்கும், பதிவு செய்த வில்லுப்பாட்டைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் பெயர் போடுகிறவர்களுக்கும், குறும்படத்துக்குக் கதை பண்ணுகிறவர்களுக்கும் இந்தச் சண்டை பழக்கமானது. யார் சரி என்பது கையில் எந்த அளவுகோல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. புழக்கத்தில் உள்ளவை நான்கு: கதைகளில் திரும்ப வரும் சிறு கூறுகளுக்கு எண் போட்ட அமெரிக்கர் தாம்சனின் கதைக்கூறு அடைவு, பாத்திரங்கள் செய்யும் செயல்களை வரிசைப்படுத்திய ருஷ்ய ஆய்வாளர் பிராப்பின் செயற்கூறுகள், தொல்காப்பியத்தின் துறையும் (திணையின் உட்பிரிவான நிகழ்ச்சி) மெய்ப்பாடும் (உடம்பில் வெளிப்படும் உணர்ச்சி), வில்லுக்காரர்கள் தாங்களே வைத்திருக்கும் பாகுபாடு. இணையத்தில் கிடைக்கும் ‘டெம்ப்ளேட்’ பட்டியல்களை ஐந்தாவதாகச் சொல்லலாம். அவற்றில் எல்லை வரையறை கிடையாது, தோன்றியதெல்லாம் உள்ளே வரும். ஒரு நல்ல பழக்கம் மட்டும் அங்கே உண்டு: வார்ப்பு நேராக வருகிறதா, தலைகீழாக வருகிறதா, வரும் என்று எதிர்பார்க்க வைத்து வராமல் போகிறதா என்று தனித்தனியாகக் குறிப்பது. அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

எந்த அளவுகோலாக இருந்தாலும் முதலில் காட்சியைத் தயார் செய்ய வேண்டும். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று வெட்ட வேண்டும். ஆள் மாறுவதோ இடம் மாறுவதோ எல்லை ஆகாது, நிலைமை மாறுவதே எல்லை. நீலி காட்சியில் முறையீடு தொடங்கி கதவு சாத்தப்படும் வரை ஒரு காட்சி, கொலை அடுத்த காட்சி. பிறகு பெயர், ஊர், சாதியை எடுத்துவிட்டு ஒரே வாக்கியமாக எழுத வேண்டும்: ‘கொல்லப்பட்டவள், போலிப் பிள்ளையைச் சாட்சியாக்கி, கொன்றவனைத் தன் கையில் ஒப்படைக்கும்படி ஊரை நம்பவைக்கிறாள்.’ யார், யாருக்கு, எதைக் கொண்டு, என்ன விளைவு என்ற நான்கும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். விளைவு விடுபட்டால் எந்த வார்ப்பும் பொருந்துகிற மாதிரியே தெரியும். தவறுகளில் பாதி இந்த இடத்தில்தான் நடக்கிறது.

ஸ்டித் தாம்சனின் அடைவு 1932இல் வரத் தொடங்கி, 1955–58இல் ஆறு தொகுதிகளாகத் திருத்தி விரிக்கப்பட்டது. ஏ முதல் இசட் வரை எழுத்து வாரியாக அத்தியாயங்கள்: சி விலக்குகள், டி மாயம், ஈ இறந்தோர், எச் சோதனைகள், கே ஏமாற்று, எஸ் இயற்கைக்கு மாறான கொடுமை. நீலி காட்சியை இதில் வைத்தால் மூன்று இடத்தில் விழும். தாவரம் ஆளாவது டி431. பொய்க் குற்றச்சாட்டு கே2100 வரிசையில் வரும். தன்னைக் கொன்றவனைக் கொல்ல இறந்தவர் திரும்பி வருவது ஈ232.1. ஆனால் முன்னே வெட்டிய எல்லைப்படி பார்த்தால் ஈ232.1 இந்தக் காட்சிக்கு உரியதில்லை, அடுத்த காட்சிக்கு உரியது. ஆக மேலே சண்டை போட்ட இருவரில், இந்தக் காட்சியைப் பொறுத்தவரை, பொய்சாட்சி என்றவர்தான் சரி. காட்சியை ஒழுங்காக வெட்டினால் பாதி வாக்குவாதம் தானே அடங்கிவிடும்.

இந்த அடைவின் பலம் துல்லியம். கீரிப்பிள்ளை கதையைப் பாருங்கள். தொட்டிலருகே பாம்பைக் கொன்ற கீரியின் வாயில் ரத்தத்தைக் கண்டு, பிள்ளையைக் கடித்துவிட்டது என்று தாய் அதைக் கொன்றுவிடுகிறாள். பி331.2.1 என்று இதற்கென்றே ஓர் எண் உண்டு. முழுக்கதையாக எடுத்தால் கதைவகை அடைவில் 178ஏ. ஆர்னே 1910இல் தொடங்கி, தாம்சன் விரித்து, ஊதர் 2004இல் திருத்திய வரிசை அது. கதைவகை எண்ணை ஒரு காட்சிக்குப் போடக் கூடாது, அது முழுக்கதைக்கானது. இதைக் குழப்பிக்கொள்ளும் ஆய்வேடுகள் நிறைய.

பலவீனம் எங்கே என்றால், தலைப்பு செயலை மட்டும் பார்க்கும். நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளுகிறாள். அடைவைத் திறந்தால் எஸ்12.2: கொடிய தாய் பிள்ளையைக் கொல்வது. செயல் அதுவேதான். ஆனாலும் ஏழு பிள்ளைகளோடு பஞ்சம் பிழைக்க அண்ணன் வீட்டுக்கு வந்து, மதினி மூளி அலங்காரி விரட்டிவிட்டபின் பாழுங்கிணற்றுக்குப் போனவளைக் ‘கொடிய தாய்’ என்று பதிய எந்த ஊரில் யார் ஒப்புவார்கள்? அந்தக் கதையில் கொடியவளுக்கு வேறு எண் இருக்கிறது, எஸ்55, கொடிய மதினி. இங்கே எஸ்12.2 போடுவதானால் பக்கத்தில் ‘செயல் மட்டும், நோக்கம் பொருந்தாது’ என்று எழுதாமல் போடக் கூடாது.

இந்த இடத்தில் தொல்காப்பியம் அடைவை அடித்துவிடுகிறது. மெய்ப்பாடு எட்டில் அழுகைக்கு அது தரும் நிலைக்களன், அதாவது அழுகை பிறக்கும் காரணம், நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. மதினி வாசலில் அவமானப்படுவது இளிவு. பிள்ளைகளைப் பறிகொடுப்பது இழவு. வாழ்ந்து கெட்ட நிலை அசைவு. பஞ்சம் வறுமை. நான்கில் ஒன்று இருந்தாலே அழுகை பிறக்கும், இந்தக் கதை நான்கையும் அடுக்கி வைத்திருக்கிறது. சோகக் காட்சி வார்ப்பில் சேருமா என்று கேட்கிறவர்கள் ‘மனதை உருக்குகிறதா’ என்று பார்ப்பதைவிட, இந்த நான்கில் எத்தனை இருக்கிறது, எந்த வரிசையில் வருகிறது என்று பார்த்தால் இரண்டு பேர் ஒரே விடைக்கு வரலாம். நல்லதங்காளில் இளிவு வறுமைக்குப் பிறகுதான் வருகிறது. வறுமை அவளைப் பயணம் வைக்கிறது, இளிவுதான் கிணற்றுக்கு அனுப்புகிறது. அந்த வரிசையை மாற்றி மதினி காட்சியை முன்னே கொண்டுவரும் நாடகப் பிரதி தளர்ந்து போகும்.

அடுத்து முத்துப்பட்டன். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில், சாமியாகிவிட்ட பட்டனுக்கு, அதாவது பட்டவராயனுக்குச் செருப்பு காணிக்கை கட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். பிராமணன் பட்டன், அருந்ததியர் குலத்து அக்காள் தங்கை பொம்மக்கா, திம்மக்காவை மணக்கக் கேட்கிறான். அவர்கள் தகப்பன் வாலப்பகடை நிபந்தனை போடுகிறார்: குடுமியையும் பூணூலையும் அறுக்க வேண்டும், செருப்புத் தைத்துக் கொண்டுவர வேண்டும். பட்டன் செய்கிறான், மணம் முடிகிறது. பிறகு மாமனாரின் மாட்டைக் கொள்ளைக்காரர்கள் ஓட்டிப்போக, மீட்கப் போகிறான், வெல்கிறான், ஒளிந்திருந்த ஒருவனின் குத்தில் சாகிறான். மனைவியர் இருவரும் தீப்பாய்கிறார்கள்.

பிராப் இங்கே பாதிவழி அழகாக வருகிறார். அவர் 1928இல் ருஷ்ய மாயக் கதைகள் நூறை வைத்து, மாறாத வரிசையில் வரும் 31 செயற்கூறுகளையும் ஏழு பாத்திர வட்டங்களையும் வகுத்தார். 25ஆவது கடினமான வேலை சுமத்தல், 26 அதை முடித்தல், 31 மணம். இளவரசியையும் அவள் தகப்பனையும் அவர் ஒரே வட்டத்தில் வைத்தார், ஏனென்றால் வேலை சுமத்துகிறவர் பெரும்பாலும் தகப்பன்தான். வாலப்பகடை அந்த இடத்தில் கச்சிதமாக உட்காருகிறார். தாம்சனிலும் எச்335, மணம் கேட்டு வந்தவனுக்கு வேலை சுமத்தல். இதுவரை யாரும் சண்டை போட வேண்டியதில்லை.

மாடு போன பிறகுதான் சிக்கல். ஒரு கதையில் மணத்துக்குப் பிறகு புதுத் தீங்கு வந்து இரண்டாவது சுற்று தொடங்கலாம் என்று பிராப்பே இடம் தருகிறார். ஆனால் அந்தச் சுற்று நாயகன் சாவோடு முடிந்து, சாவுக்குப் பின் அவன் சாமியாவதற்கு 31இல் இடமே இல்லை. சிலர் இதை ‘மணமும் அரியணையும்’ என்ற 31இல் நுழைத்து, பீடம் கிடைத்ததை அரியணை ஆக்கிவிடுவார்கள். அப்படி இழுத்தால் பொருந்தாத கதையே உலகத்தில் இராது. தன் வாய்பாடு மாயக் கதைகளுக்கு மட்டுமே என்று பிராப் தெளிவாகச் சொல்லியிருக்கும்போது, அவர் கேட்காத வேலையை அவர் தலையில் கட்டுவானேன்? முத்துப்பட்டனின் முதல் பாதிக்கு 25, 26, 31 போடுங்கள். மறுபாதிக்கு ‘பொருந்தவில்லை’ என்று எழுதுங்கள். பொருந்தவில்லை என்பதும் ஒரு விடைதான்.

அந்த மறுபாதிக்குத் துறை இருக்கிறது. ஆநிரை மீட்கப் போய் வீரன் மடிவது கரந்தை. மடிந்தவனுக்குக் கல் எடுப்பதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு படியாகத் தொல்காப்பியம் சொல்கிறது. மனைவி தீப்புகுவதற்குக் காஞ்சித் திணையில் துறை உண்டு. ஒரே எச்சரிக்கை: தொல்காப்பியம் கரந்தையை, ஆநிரை கவர்தலைச் சொல்லும் வெட்சிக்குள் அடக்கும், பிற்கால இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலை தனித் திணையாக்கும். சேர்ந்து வேலை செய்கிறவர்கள் எந்த நூல்படி என்று முதல் நாளே முடிவு செய்யாவிட்டால், ஒருவர் வெட்சி என்றும் ஒருவர் கரந்தை என்றும் எழுதி, இல்லாத கருத்து வேறுபாடு ஒன்றைக் கணக்கில் காட்டுவார்கள்.

வில்லுக்காரர்கள் இவ்வளவு பாடுபடுவதில்லை. கோயில் கொடைவிழாவில் பாடும் கதை இரண்டு வகை: தெய்வப் பிறவி, வெட்டுப்பட்ட வாதை (ஆவி). கைலாசத்தில் விளக்குப் பொறியில் பிறந்து, சுடுகாட்டுப் பிணம் தின்று, வரம் வாங்கி பூலோகம் வரும் சுடலைமாடன் முதல் வகை. மனிதராகப் பிறந்து, அகாலத்தில் வெட்டுண்டு, ஆவியாகி, வரம் பெற்றுத் திரும்பி நிலையம் (தங்கும் பீடம்) கேட்கிறவர்கள் இரண்டாம் வகை. பட்டனும் நீலியும் அதில் சேர்வார்கள். இந்த அளவுகோல் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: காட்சி சாவுக்கு முன்னா, பின்னா? இரண்டே பெட்டியா என்று இதை அலட்சியமாக நினைக்கிறவர்கள், சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வருவது கதையின் எந்த இடத்தில் என்று கவனித்ததில்லை. பாட்டை நடத்தும் அண்ணாவி அந்த இடத்தைப் பார்த்துத்தான் வில்லைத் தட்டும் வீசுகோலின் வேகத்தையும் கதையின் நீளத்தையும் கூட்டிக் குறைக்கிறார்.

இந்தப் பாகுபாட்டை வைத்துப் பார்த்தால் ‘பேய் பழிவாங்கல்’ என்ற முத்திரை எவ்வளவு மெலிந்தது என்பது தெரியும். வெட்டுப்பட்டவர் திரும்பி வருவது இந்த வகையின் விதி. வகை முழுக்கப் பொருந்தும் முத்திரை, அதற்குள் ஒரு காட்சியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டாது. நீலியைப் பிரித்துக் காட்டுவது, அவள் தானே பாய்ந்து கொல்லாமல் ஊர்ப்பஞ்சாயத்தின் கையாலேயே கதவைச் சாத்தவைப்பது. முத்திரை அதில் விழ வேண்டும்.

சுடலை பிணம் தின்ற காட்சியிலும் ஓர் அடிக்கடி வரும் பிசகு. தின்றதற்காகக் கைலாசத்தை விட்டு அனுப்பப்படுகிறானே, ‘விலக்கை மீறல்’தானே என்று சி அத்தியாயத்தில் போட்டுவிடுவார்கள், அல்லது பிராப்பின் 2 (விலக்கு), 3 (மீறல்) என்று எழுதுவார்கள். அந்த வார்ப்புக்கு, ‘இதைச் செய்யாதே’ என்று முன்கூட்டி ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கேட்ட பாடத்தில், அதாவது கதை வடிவத்தில், அந்த வரி இருந்தால் போடுங்கள். தண்டனை மட்டும் இருந்தால் அது விலக்கு மீறல் ஆகாது.

இரண்டு பேர் தனித்தனியே குறித்து ஒப்பிடும்போது சதவீதத்தை நம்ப வேண்டாம். 40 காட்சி; ஒரு வார்ப்பு ‘உண்டு’ என்று இருவரும் சொன்னது 6, ‘இல்லை’ என்று இருவரும் சொன்னது 28, ஒருவருக்கொருவர் மாறியது 3ம் 3மாக 6 என்று வைத்துக்கொள்வோம். 34/40, அதாவது 85 சதவீதம் ஒத்துப்போகிறது. ஆனால் ஆளுக்கு 9 ‘உண்டு’, 31 ‘இல்லை’. கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தாலும் சுமார் 65 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். தற்செயலைக் கழித்துப் பார்க்கும் கோகனின் கப்பா அளவு: (0.85 − 0.65) ÷ (1 − 0.65), ஏறத்தாழ 0.57. நடுத்தரம்தான். ஒத்துப்போகாத அந்த 6 காட்சியை எடுத்து, எந்த நிபந்தனையில் பிரிந்தார்கள் என்று பார்த்து வரையறையைத் திருத்த வேண்டும். உட்கார்ந்து பேசி ஒருவர் விட்டுக்கொடுப்பது திருத்தம் ஆகாது.

இவ்வளவும் பாடம் ஒன்று என்ற நினைப்பில் சொன்னது. முத்துப்பட்டன் கதைக்குப் பிற்காலப் பாடம் உண்டு. அதில் பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தவர்கள். கதையில் நடந்த இந்த ஒட்டுவேலையை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை சுட்டிக்காட்டி எழுதினார். வார்ப்புக் கணக்கில் இதன் விளைவு பெரிது. செருப்புத் தைக்கும் காட்சி ஒரு எழுத்தும் மாறாமல் இருந்தாலும், ‘சாதியைத் துறந்து மணத்தல்’ போய், ‘உயர்குலத்தில் பிறந்த பிள்ளை எளிய வீட்டில் வளர்தல்’ உட்கார்ந்துவிடுகிறது. பெயர், ஊர், சாதியை எடுத்துவிட்டு வாக்கியம் எழுது என்கிற பொதுவிதி இந்தக் கதையில் செல்லாது. சாதியை எடுத்தால் காட்சியே போய்விடும். ஒவ்வொரு குறிப்பிலும் எந்தப் பாடம், அச்சா பதிவா, எந்த ஊர்க் கொடை என்று மேலே எழுதி, பாடத்துக்கு ஒரு தாள் போட வேண்டும். ஒரே தாளில் கலந்தால், யாரும் எந்த வில்லிலும் பாடாத மூன்றாவது முத்துப்பட்டன் ஒருவன் கோப்பில் பிறந்துவிடுவான்.