‘இன்டர்வியூ பயிற்சி, வேலை உறுதி’ நோட்டீஸ்: வடசென்னைப் பிள்ளைகள் பணம் கட்டும் முன் படியுங்கள்

மூலக்கடையிலிருந்து பெரம்பூர் வரை மின்கம்பங்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். ‘நேர்காணல் பயிற்சி, 100 சதவீதம் வேலை உறுதி, ஃப்ரெஷர்ஸ் வரலாம்.’ கீழே ஒரு செல் நம்பர் இருக்கும். கம்பெனிப் பெயரோ முகவரியோ இருக்காது. அந்த நம்பருக்குப் பேசிய வியாசர்பாடிப் பையன் ஒருவன், டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவன், இன்று 14,500 ரூபாயையும் இழந்து, பத்தாவது மார்க் ஷீட்டும் டிப்ளமோ சான்றிதழும் கையில் இல்லாமல் நிற்கிறான். ஏமாற்றிய விதத்தை வரிசையாகச் சொன்னால்தான் அடுத்த வீட்டுப் பிள்ளை தப்பிக்கும்.

முதல் நாள் காசு கேட்பதில்லை. ‘கவுன்சிலிங்’ என்று அம்மாவையும் சேர்த்து உட்கார வைப்பார்கள். “உங்க பையன் நல்லா பேசுறான்மா. இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் சரி பண்ணா போதும். அம்பத்தூர்ல இருபத்திரண்டாயிரம் சம்பளம், அடுத்த வாரமே இன்டர்வியூ. ஆனா ரெண்டு இடம்தான் பாக்கி இருக்கு” என்றாள் அங்கிருந்த பெண். பதிவுக்கு 1,500 கட்டினார்கள். பிறகு பத்து நாள் பயிற்சிக்கு 8,000. அந்தப் பத்து நாள் நாலு நாளில் முடிந்தது. அடுத்து ‘பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்’ என்று 2,000. கடைசியாக யூனிஃபார்ம், ஐடி கார்டு, மெடிக்கல் என்று 3,000. மொத்தமாகக் கேட்டிருந்தால் அந்த அம்மா எழுந்து வந்திருப்பார். பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கக்கூடிய தொகையாகத் துண்டு போட்டுக் கேட்பதுதான் இவர்கள் வழி. முன்னே கட்டியது வீணாகிவிடுமே என்ற பயத்தில் அடுத்த துண்டையும் கட்டிவிடுகிறோம்.

ரசீதைப் பாருங்கள். ரப்பர் சீல், ஒரு கிறுக்கல் கையெழுத்து, அடியில் பொடி எழுத்தில் ‘கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’. ஜி.எஸ்.டி. எண் போட்டிருந்தால் அதில் எழுத்தும் எண்ணுமாக 15 இலக்கம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33-ல் தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அடித்தால் யார் பெயரில் இருக்கிறது என்று அரை நிமிடத்தில் தெரியும். இந்த ரசீதில் அந்த எண்ணே கிடையாது.

பிறகு போனில் நாலு நிமிட ‘இன்டர்வியூ’. மறுநாள் வாட்ஸ்அப்பில் ஆஃபர் லெட்டர். கம்பெனி உண்மையில் இருக்கிற கம்பெனி. அனுப்பிய முகவரியோ யாரும் இலவசமாகத் திறக்கக்கூடிய ஜிமெயில். உண்மையான பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் லெட்டர்பேடில் சி.ஐ.என். என்ற, எழுத்தும் எண்ணுமாக 21 இலக்கமுள்ள கம்பெனிப் பதிவு எண் இருக்கும். கம்பெனி எந்த மாநிலத்தில், எந்த வருடம் பதிவானது என்பதும் அதற்குள்ளேயே இருக்கும். கம்பெனி விவகாரத் துறை இணையதளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கக் காசு இல்லை. இந்தக் கடிதத்தில் அதுவும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு பையன் அம்பத்தூர் எஸ்டேட்டில் (தொழிற்பேட்டை) அந்தக் கம்பெனி கேட் வரை போனான். செக்யூரிட்டி உள்ளே போன் போட்டுக் கேட்டார். கடிதத்தில் கையெழுத்துப் போட்ட எச்.ஆர். என்று ஒருவர் அங்கே கிடையாது.

பணம் போனதைவிட அந்தப் பயிற்சி செய்த கேடு பெரிது. கொடுத்தது ஆறு பக்க ஜெராக்ஸ். ‘மைசெல்ஃப்’ என்று ஆரம்பிக்கும் அறிமுகம், ‘மை ஸ்ட்ரெங்த் இஸ் ஹார்ட் ஒர்க்’, அப்பா பெயர், அம்மா பெயர், பொழுதுபோக்கு. அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் அதையே மனப்பாடம் செய்தார்கள். ஒரே காலையில் நாலு பேர் வாயில் ஒரே வரியைக் கேட்கிற மேனேஜர் ஐந்தாவது ஆளை எப்படிப் பார்ப்பார்? பிறகு வேறொரு கம்பெனியில் உண்மையான நேர்காணல் கிடைத்தபோது சூப்பர்வைசர் மேஜை மேல் ஒரு வெர்னியரை (நீளத்தை நுணுக்கமாக அளக்கும் கருவி) வைத்து, “லீஸ்ட் கவுண்ட் என்ன, எப்படி வந்தது?” என்றார். கருவியால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவுதான் லீஸ்ட் கவுண்ட். அந்த ஆறு பக்கத்தில் அது இல்லை. படித்த விஷயம்தான், பையன் திணறிவிட்டான்.

ஃபிட்டர், டர்னர், மெக்கானிக்கல் பிள்ளைகள் தயாராக வேண்டியது இதற்குத்தான். மெயின் ஸ்கேலில் 49 மி.மீ. நீளத்தை வெர்னியரில் 50 பங்காக்கியிருந்தால் ஒரு பங்கு 0.98; 1-லிருந்து அது போக லீஸ்ட் கவுண்ட் 0.02 மி.மீ. மைக்ரோமீட்டரில் பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 0.5 மி.மீ., திம்பிளில் (சுற்றும் உருளை) 50 கோடு, ஆகவே 0.5-ஐ 50-ஆல் வகுத்து 0.01. தாடைகளை மூடியபின் வெர்னியரின் பூஜ்யம் மெயின் ஸ்கேல் பூஜ்யத்துக்கு வலப்பக்கம் நின்றால் பிழை பாசிட்டிவ், அளவிலிருந்து கழிக்க வேண்டும். எம்10 டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி), பிட்ச் 1.5 என்றால், 10-லிருந்து 1.5 போக, துளை 8.5 மி.மீ. விடையை மட்டும் சொல்லி நிறுத்தாமல், ஏன் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். அக்கவுண்ட்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு: வாங்கிய சரக்கைத் திருப்பி அனுப்பினால் நம் புத்தகத்தில் டெபிட் நோட். மாநிலத்துக்குள் விற்றால் சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும், வெளி மாநிலத்துக்கு ஐ.ஜி.எஸ்.டி. டாலி என்ற கணக்கு மென்பொருளில் இந்த என்ட்ரிகளைப் போட்டுக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

அறிமுகத்துக்கு ஒரு நிமிடம் போதும். பெயர், படிப்பு, கையால் செய்த ஒரு வேலை, அதில் எந்த மெஷின், என்ன தகராறு வந்தது, எப்படிச் சரியானது. போனில் பதிவு செய்து பத்து தடவை கேளுங்கள். தெரியாத கேள்விக்கு “தெரியாது சார், ஆனா இதுவரைக்கும் தெரியும்” என்று தெரிந்த இடம் வரை சொன்னால் மதிப்பு குறையாது. இங்கிலீஷ் வரவில்லை என்றால் “தமிழ்ல சொல்லலாமா சார்?” என்று கேட்கலாம். ஷாப் ஃப்ளோர் (தொழிற்கூட) வேலைக்குப் பல இடங்களில் சரி என்றே சொல்வார்கள்.

இன்னொன்று, எங்களுக்கு மிகவும் கோபம் தருவது. “வியாசர்பாடின்னு போட்டா எடுக்க மாட்டாங்க, அண்ணா நகர்னு போடு” என்று அந்தப் பயிற்சிக்காரர்கள் ரெஸ்யூமில் முகவரியை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். செய்யவே செய்யாதீர்கள். வேலை கிடைத்தபின் வெரிஃபிகேஷனுக்கு ஆள் நேரில் வந்து கதவைத் தட்டுவார். ஆதார் ஒன்று சொல்லும், ரெஸ்யூம் ஒன்று சொல்லும். பொய் சொன்னவன் என்ற காரணத்துக்காகவே வேலை போகும். பொய் அனுபவச் சான்றிதழும் அப்படித்தான். பி.எஃப். கணக்குக்கு ஒவ்வொரு தொழிலாளிக்கும் தரப்படும் யு.ஏ.என். எண்ணில் எந்தக் கம்பெனி, எந்த மாதம் பணம் கட்டியது என்று வரிசையாக நிற்கிறது. இரண்டு வருட அனுபவம் என்று காட்டிவிட்டு அங்கே ஒரு மாதம்கூட இல்லையென்றால் எச்.ஆருக்கு வேறு சாட்சி வேண்டாம்.

பெரம்பூர், அயனாவரம் பக்கம், மத்திய அரசின் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். பெயரைச் சொல்லி, ‘ஐ.சி.எஃப்.ல இன்டர்வியூ இருக்கு, உள்ளே ஆள் இருக்காங்க’ என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களும் உண்டு. மத்திய அரசில் 2016 ஜனவரி 1 முதல் குரூப் சி, குரூப் டி பணிகளுக்கு நேர்காணலே கிடையாது. ஐ.சி.எஃப். அப்ரண்டிஸ் எடுப்பது மதிப்பெண் பட்டியல்படி. இல்லாத நேர்காணலுக்கு எதற்குப் பயிற்சி, எதற்குப் பணம்? ராயபுரம், காசிமேடு பிள்ளைகளிடம் கப்பல் வேலை என்று வருவார்கள். கப்பலுக்கு ஆள் எடுப்பதற்கான ஆர்.பி.எஸ்.எல். உரிமம் உள்ள ஏஜென்ட்டா என்று கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் பாருங்கள். உரிமம் உள்ளவரும் வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதே விதி.

பணம் போய்விட்டதா? ஜிபே, ஃபோன்பே வழியாக அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். எத்தனை சீக்கிரம் சொல்கிறீர்களோ அத்தனைக்கு எதிராளி கணக்கில் பணத்தை முடக்க வாய்ப்பு. பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். ஏமாற்றிப் பணம் பறிப்பது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவில் வருகிறது. பயிற்சி என்று சொல்லி வாங்கிய கட்டணத்துக்கு நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். ‘திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் அச்சடித்திருப்பதைப் பார்த்துத் தயங்கவும் வேண்டாம்.

ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைத்திருந்தால் அதைத்தான் புகாரில் முதலில் எழுத வேண்டும். சிலர் அவசரத்தில், காவல்துறை இணையதளத்தில் ‘தொலைந்துவிட்டது’ என்று பதிவு செய்து டூப்ளிகேட்டுக்கு அலைகிறார்கள். அது பொய்த் தகவல். அவன் பிடுங்கி வைத்தான் என்ற உங்கள் புகாரையே அது அடித்துவிடும். எந்த நேர்காணலுக்கும் ஒரிஜினலைக் காட்டிவிட்டு அங்கேயே திரும்ப வாங்குங்கள், கொடுப்பது ஜெராக்ஸ் மட்டும். ஒவ்வொரு ஜெராக்ஸிலும் குறுக்கே ‘இன்ன கம்பெனி நேர்காணலுக்கு மட்டும்’ என்று எழுதித் தேதி போடுங்கள். ஆதாரில் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு பிரதி போதும்.

காசில்லாமல் நேர்காணலுக்குப் போக வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையதளத்தில் பதிவு இலவசம். கிண்டியில் வேலைவாய்ப்புத் துறை நடத்தும் முகாம்களுக்கு கம்பெனிக்காரர்களே வருகிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் நேர்காணல் என்றால் பெரம்பூரில் லோக்கல் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்குங்கள். முதல் நாளே ஒரு தடவை போய் கேட் எது என்று பார்த்துவிட்டு வாருங்கள். மழை நாளில் தண்ணீர் தேங்கும் கணேசபுரம் சுரங்கப்பாதையை நம்பாதீர்கள், அரை மணி முன்னதாகக் கிளம்பி வேறு வழி போங்கள். ஃபைலை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொள்ளுங்கள்.