நுண்மாசு ஆராய்ச்சி: கரியா, ஓசோனா, மெம்பரேனா?

கோவையிலோ பெருந்துறையிலோ எம்.எஸ்சி. வேதியியல், எம்.டெக். சுற்றுச்சூழல் பொறியியல் முடித்தவர்கள், தண்ணீரில் கரைந்த மருந்து, பூச்சிக்கொல்லி மிச்சங்களை, அதாவது நுண்மாசை, நீக்கும் ஆராய்ச்சிக்குப் போக மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் எதிராளி ஒன்றுதான்: லிட்டருக்குச் சில நானோகிராமிலிருந்து சில மைக்ரோகிராம் வரை இருக்கும் வலிப்பு மருந்து கார்பமசெபின், வலிநிவாரணி டைக்ளோஃபெனாக் வகையறா. வழக்கமான உயிரியல் சுத்திகரிப்பில் கார்பமசெபின் ஏறக்குறைய அப்படியே வெளியே வந்துவிடும்.

முதல் வழி கரி. காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் தொட்டிக்கரிக்கு (தேங்காய்ச் சிரட்டைக் கரி) பஞ்சமில்லை. கைச்செலவும் குறைவு, அதனால் கூட்டமும் இங்கேதான். காய்ச்சி வடித்த நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் மெத்திலீன் நீலச் சாயத்தைக் கரைத்து, கரி போட்டுக் குலுக்கி, கரி எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லும் லாங்மியூர் சமன்பாட்டில் பொருத்திக் காட்டும் ஆய்வேடுகள் போதும் போதும் என்றாகிவிட்டன. ஆனால் சுத்திகரித்த கழிவுநீரில் மீந்திருக்கும் கரிமப் பொருள் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம், அதாவது மருந்தைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. கரியின் இடத்தை அதுதான் முதலில் பிடித்துக்கொள்ளும். தொட்டிக்கரியில் பெரும்பாலான துளைகள் 2 நானோமீட்டருக்கும் சிறியவை; சின்ன மருந்து மூலக்கூறு நுழைந்துவிடும், பெரிய சாய மூலக்கூறு வாசலிலேயே நிற்கும். ஆகவே சாயத்தில் வந்த முடிவை மருந்துக்கு ஏற்றிச் சொல்ல முடியாது. கண்ணாடிக் குழாயில் குருணைக் கரியை நிரப்பி, நிஜக் கழிவுநீரை விட்டு, கரிப்படுகையின் கன அளவைப் போல எத்தனை மடங்கு நீர் போனபின் எந்த மருந்து கசியத் தொடங்குகிறது என்று பாருங்கள். தூள்கரி என்றால் லிட்டருக்கு 10–20 மில்லிகிராமில் வேலை செய்ய வேண்டும். 1 கிராம் போட்டு நீக்கிக் காட்டினால் எந்த ஆலையும் ஏற்காது.

வெளிநாட்டில் பிஎச்.டி. இடம்தான் குறி என்றால் ஓசோனைப் பிடியுங்கள். சுவிட்சர்லாந்தில் 2016 முதல் குறிப்பிட்ட சுத்திகரிப்பு நிலையங்கள் நுண்மாசில் 80 சதவீதத்தை நீக்கியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் 2024 சட்டத்தில் பெரிய நிலையங்களுக்கு அதே 80 சதவீதத்தை வைத்திருக்கிறது. ஒரு கிராம் கரைந்த கரிமக் கார்பனுக்கு அரை கிராமுக்குச் சற்று மேல் ஓசோன் கொடுத்தால் கார்பமசெபின், டைக்ளோஃபெனாக் சீக்கிரமே போய்விடும். இன்னொரு வலிநிவாரணியான ஐபூபுரூஃபன் ஓசோனுக்கு மசியாது. அதற்கு ஓசோன் நீரில் சிதையும்போது உருவாகும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் வேண்டும். பைகார்பனேட் மிகுந்த நம் உப்புத்தண்ணீரில் அந்த ரேடிக்கலைப் பைகார்பனேட்டே தின்றுவிடும். நீரில் புரோமைடு இருந்தால் புரோமேட் என்ற தீங்கான பொருள் உருவாகும்; குடிநீரில் அதற்கு வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மருந்து மறைந்துவிட்டது என்பதோடு நிறுத்தக்கூடாது, உடைந்து என்னவானது என்றும் சொல்ல வேண்டும்.

உள்ளூரிலேயே சீக்கிரம் வேலை கிடைப்பது மெம்பரேனில், அதாவது சவ்வு வடிகட்டலில். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபின், திருப்பூர் ஆர்.ஓ.வும் (அழுத்தம் கொடுத்துச் சவ்வில் உப்பைப் பிரிக்கும் முறை) ஆவியாக்கியும் வைத்துக் கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறியது. ஆனால் சேர்ந்த இடத்தில் அடைப்பு, கழுவல், அழுத்தம் என்று ஆலையை இயக்கும் வேலையிலேயே காலம் போய்விடலாம். ஆராய்ச்சிக்கான கேள்வி, சவ்வைத் தாண்டாமல் மிஞ்சும் ஒதுக்குநீரில் இருக்கிறது: அதில் செறிந்த கரிமப் பொருள் ஆவியாக்கி உப்புக்குப் போகிறதா, சாயத்தொட்டிக்குத் திரும்பும் உப்புநீரில் சுற்றுகிறதா? கொங்கு நாட்டிலேயே இருந்து செய்ய விரும்புவோருக்கு எங்கள் பரிந்துரை இதுதான்: ஒதுக்குநீரை எடுத்து, அதன்மேல் கரியையோ ஓசோனையோ சோதிப்பது.

எந்த வழியானாலும் அளக்க முடியாவிட்டால் ஆராய்ச்சி இல்லை. ஒளி உறிஞ்சலை அளக்கும் யுவி-விசிபிள் கருவிக்கு மில்லிகிராம்தான் தெரியும், இங்கே மூலக்கூறுகளைப் பிரித்து நிறையை வைத்து இனங்காணும் எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ். கருவி வேண்டும். பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் அரை லிட்டர் எடுத்து, கண்ணாடியிழைத் தாளில் வடிகட்டி, ஐசோடோப்பு ஏற்றிய தரப்பொருளைப் பிரித்தெடுக்கும் முன்பே சேர்த்து, மருந்தை உறிஞ்சுபொருள் நிரப்பிய கார்ட்ரிட்ஜில் பிடித்து, மெத்தனாலில் இறக்கி, நைட்ரஜனில் வற்றவைக்க வேண்டும். தரப்பொருளைக் கடைசியில் சேர்த்தால் வழியில் போன இழப்பு கணக்கில் வராது. சாயக்கழிவிலுள்ள சோப்பும் உப்பும் சிக்னலை அமுக்குவதால், இருக்கும் மருந்தே இல்லாததுபோல் தெரியும்.

ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்) உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அதைக் கேட்குமுன் வழிகாட்டியிடம் எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ். கருவி வளாகத்திலேயே இருக்கிறதா, வெளியே அனுப்பினால் ஒரு மாதிரிக்கான கட்டணத்தை யார் கட்டுவது என்று கேளுங்கள்.