34 வீதத்தில் அணையும் போன்: பேட்டரியா, பவர் பேங்கா, புதிதா?

காலை ஆறரைக்கு ஹட்டன் பஸ்ஸுக்காக நிற்கும்போது என் போன் 34 வீதம் காட்டும். பஸ் வளைவில் தலைகாட்டுவதற்குள் திரை கறுத்துவிடும். டவுனில் இறங்கி, ஸ்வெட்டருக்குள் வைத்திருந்த போனை மறுபடி அமுக்கினால், ஒன்றுமே நடக்காததுபோல் 29 என்று எழுந்து நிற்கும். மூன்று மாதம் இப்படியே ஓட்டிய பிறகுதான் கணக்குப் போட உட்கார்ந்தேன். பேட்டரியை மாற்றலாம். பவர் பேங்க் வாங்கலாம். புதிய மலிவு போனுக்குப் போகலாம். கொழும்பில் யாரோ கழித்துவிட்ட போனை எடுக்கலாம்.

காசு கொடுக்கும் முன் நோயைத் தெரிந்துகொள்ள வேண்டும். குளிரில் லித்தியம் பேட்டரியின் உள் தடை கூடும். வயதான பேட்டரிக்கு அந்தத் தடை ஏற்கெனவே அதிகம். போன் திடீரென்று நிறைய மின்சாரம் இழுத்தால் வோல்டேஜ் சரிகிறது, போன் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. திரையில் தெரியும் வீதம் ஒரு மதிப்பீடுதான். பத்துப் பாகைக் குளிரில் புதிய பேட்டரி இப்படி விழாது. ஆகவே விடியலில் மட்டும் அணைந்து, சூடேறியதும் உயிர்பெறும் போனுக்குப் பேட்டரிதான் கிழடு, போனுக்கு ஒன்றுமில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பேட்டரியை நிரந்தரமாகக் கெடுப்பது குளிரைவிட வெப்பம். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் இருக்கும் பேட்டரிக்கு, கொழும்பு வெயிலில் வேகும் பேட்டரியைவிட ஆயுள் கூட வேண்டும். நாம்தான் அந்த வரத்தைக் கெடுக்கிறோம். ஈரம் காயட்டும் என்று போனை அடுப்புக்கு மேல் பரணில் வைக்காத வீடு எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒன்றிரண்டுதான்.

இரண்டாவது திருடன் சிக்னல். கோபுரம் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தால், போன் தன் ஒலிபரப்பை உயர்த்தி உயர்த்திக் கத்துகிறது. பள்ளத்து லயத்தில் சும்மா கிடக்கும் போன் மாலைக்குள் வெறுமையாவது இதனால்தான். பேச வேண்டிய நேரம் தவிர மற்ற நேரத்தில் விமானப் பயன்முறையில் போட்டுவையுங்கள். செலவில்லாத வைத்தியம் இது, பல வீடுகளில் இதுவே போதும்.

இதையெல்லாம் செய்தும் தீராதவர்களுக்குத்தான் மேலே சொன்ன நான்கு வழிகளும்.

என் ஓட்டு பேட்டரிக்கு. கூலியோடு 2,800 ரூபா கொடுத்தேன். 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளத்தில் பார்த்தால் இரண்டு நாள் உழைப்பும் கொஞ்சமும். ஆனால் இது எனக்கு இரண்டாவது தடவை. முதல் தடவை வேறொரு கடையில் ‘ஒரிஜினல்’ என்று போட்டுக் கொடுத்தது ஐந்து மாதத்தில் அப்பம் போல் ஊதி, திரையைத் தள்ளிக்கொண்டு வந்தது. அப்போது கற்ற பாடம்: புதிய பேட்டரியைப் பழையதோடு தராசில் வைத்துப் பாருங்கள். ஒரே அளவு, ஒரே கொள்ளளவு என்று அச்சிட்டிருந்தும் புதியது கணிசமாக இலேசாக இருந்தால் அச்சு பொய். நிறுவையில் ஏமாந்த அனுபவம் கொழுந்து எடுக்கும் குடும்பங்களுக்குப் புதிதல்ல; இங்கேயாவது தராசு நம் பக்கம் இருக்கட்டும்.

‘பழைய மொடலுக்கும் புதுப் பேட்டரி இருக்கிறது’ என்று கடைக்காரர் சொன்னால் தயாரித்த திகதியைக் கேளுங்கள். லித்தியம் பேட்டரி அலமாரியில் சும்மா இருந்தாலும் கிழடாகும். ஆறு வருடம் பெட்டிக்குள் கிடந்ததற்கு முழு விலை கொடுக்கக் கூடாது.

பின்மூடி கழற்றக்கூடிய போன் என்றால் வேலை ஒரு நிமிடம். ஒட்டப்பட்ட போன் என்றால் சூடாக்கித் திறப்பார்கள், பழைய பசையை அப்படியே அமுக்கி மூடித் தருவார்கள். மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் ஜூனிலிருந்து பெய்யும் சாரலுக்கு அந்த இடுக்கு போதும். பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டித் தரும்படி கேளுங்கள், முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

ஒரு கிளைக்கதை. என் சித்தி மகன் பேட்டரி போய்விட்டதென்று போனைக் கொண்டுவந்தான். சார்ஜ் ஏறவேயில்லை. போனை அணைத்துவிட்டு, சார்ஜ் பின் துவாரத்தைப் பல் குத்தும் மரக்குச்சியால் மெல்லக் கிளறினேன். கம்பளி நூல் பந்தாக வந்தது. செலவு ஒரு குச்சி. பேட்டரி மாற்றச் சொன்ன கடை எது என்று நான் கேட்கவில்லை.

ஆண்ட்ராய்டு 4.4க்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் வாட்ஸ்அப் 2025 ஜனவரி 1 முதல் ஆதரவை நிறுத்திவிட்டது. அப்படிப்பட்ட போனுக்குப் பேட்டரி மாற்றுவது வீண்.

அடுத்தது பவர் பேங்க். நல்லதுக்கு நான்கு நாட்சம்பளம் போகும். இதன் அட்டையில் உள்ள எண்ணை அப்படியே நம்பக் கூடாது. 10,000 மில்லிஆம்ப் மணி என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 37 வாட் மணி. யூஎஸ்பியின் 5 வோல்ட்டுக்கு மாறும்போது அது 7,400 ஆகிறது, மாற்றும் வெப்பத்தில் இன்னும் கொஞ்சம் போகிறது. 3,000 கொள்ளளவுள்ள போனை இரண்டு தடவை நிரப்பும், மிஞ்சினால் இரண்டரை. இது ஏமாற்று அல்ல, இயற்பியல். ஏமாற்று வேறு: சந்தையில் கிடைக்கும் லித்தியம் செல் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 250 வாட் மணி தாங்கும். 20,000 என்று போட்டிருந்தால் செல் மட்டுமே 300 கிராம் இருக்க வேண்டும். கையில் தீப்பெட்டி போல் இருக்கும் 20,000ஐப் பார்த்தால் சிரித்துவிட்டு வாருங்கள்.

பவர் பேங்க் செத்த பேட்டரிக்கு மருந்தாகாது. வயரோடு கட்டிப்போட்ட ஆடு மாதிரி போனை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அந்த வயர் ஆடி ஆடி சார்ஜ் பின்னும் தளரும். அது உதவுவது கரண்ட் செத்தால். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. அதே வருடம் நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைகளைச் சரித்தபோது, கரண்ட்டும் தொலைபேசியும் போன ஊர்களில் ஒரு வீதம் சார்ஜ் என்பது ஒரு செய்தி, ஒரு உயிர் இருக்கிறதா என்ற பதில்.

பவர் பேங்குக்கு இன்னொரு குணம் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தவறாமல் வரும். மலிவு சார்ஜரும் அதில் தொங்கும் போனும் ஒரே மின்னலில் போவதை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். காலையில் பவர் பேங்கை மட்டும் பிளக்கில் போட்டு நிரப்பிக் கழற்றுங்கள், பின்னேரம் போனை அதிலிருந்து நிரப்புங்கள். சுவருக்கும் போனுக்கும் தொடர்பே இல்லை.

புதிய மலிவு போனைப் பற்றி அதிகம் சொல்ல ஆசையில்லை. 32,000 ரூபா என்பது ஏறக்குறைய ஒரு மாதத்து வேலைநாட்கள். அந்த விலையில் வருவது குறைந்த நினைவகம். இரண்டு வருடத்தில் புகைப்படமும் குடும்பக் குழுக்களின் காலை வணக்கமும் நிரம்பி, போன் ஆமையாகிவிடும். திரையும் சர்க்கியூட்டும் சேர்ந்து போன போனுக்கு மட்டுமே இந்த வழி. வாங்கினால் *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணை (போனின் தனி அடையாள எண்), IMEI என்று எழுதி ஓர் இடைவெளி விட்டு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, பதிவானதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

பாவித்த போனுக்கும் இதே சோதனை, கூடவே இன்னொன்று: விற்பவர் முன்னிலையிலேயே அவருடைய கூகுள் கணக்கை நீக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து முழுமையாக அழித்த பிறகு பழைய கணக்கின் கடவுச்சொல்லை அது கேட்டால், கையில் இருப்பது ஒரு கண்ணாடித் துண்டு. அதன் பேட்டரி எத்தனை சார்ஜ் சுற்று ஓடியது என்பது விற்பவருக்கே தெரியாது. ஆகவே விலையோடு ஒரு புதுப் பேட்டரியையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தும் நல்ல மொடல் மலிவாக வந்தால், புதிய மலிவு போனைவிட இதையே எடுப்பேன்.

அம்மாவுக்கு இந்தப் போட்டி எதுவும் இல்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் சொருகிய பொத்தான் போன், நான்கு நாள் சார்ஜ். அதில் இருக்கும் பிஎல்-5சி பேட்டரி சின்ன ரேடியோக்களிலும் போடுவது என்பதால் எந்த டவுனிலும் கிடைக்கும். டித்வா இரவில் எங்கள் வீட்டில் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தது அவருடைய போனின் ரேடியோதான்.

கழற்றிய பேட்டரியை, முக்கியமாக ஊதியதை, அடுப்பிலோ கானிலோ போடாதீர்கள், குத்திப் பார்க்கவும் வேண்டாம். என்னுடையது மணல் போட்ட பிஸ்கட் டின்னுக்குள், வீட்டுக்கு வெளியே இருக்கிறது. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் கடைக்கு அடுத்த தடவை டவுனுக்குப் போகும்போது கொண்டுபோவேன்.