உடனே மறுக்குதா, சத்தமே இல்லையா? போர்ட் சோதிக்கும் கருவிகளோடு ஏழு வருஷம்

திருகோணமலை டவுனிலும் சுற்றுவட்டாரத்திலும் கடைகளுக்கும் சின்ன ஹோட்டல்களுக்கும் கொம்பியூட்டர், சிசிடிவி, பில்லிங் மெஷின் பார்த்துக் கொடுக்கிறது என் வேலை. சேர்வர் என்றதும் ஏசி போட்ட அறையை நினைக்க வேண்டாம். மேசைக்குக் கீழே தூசி படிந்த ஒரு பெட்டி, பக்கத்தில் அடிக்கடி கத்துகிற ஒரு யூபிஎஸ், அவ்வளவுதான். "கனெக்ட் ஆகுதில்லை தம்பி" என்று போன் வந்தால் நான் எடுக்கிற கருவிகள் நாலைந்தைத் தாண்டாது.

அதிகம் தேய்ந்தது நெட்கேட். 1995இல் வந்த சாமான். மெஷினின் முகவரியையும் போர்ட் எண்ணையும் (ஒரு புரோகிராம் காத்திருக்கும் கதவின் இலக்கம்) கொடுத்தால் அந்தக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிட்டு விலகிவிடும். காத்திருக்கும் நேரத்தை மட்டும் மூன்று விநாடி என்று நாமே கொடுக்க வேண்டும். சும்மா விட்டால் லினக்ஸ் தன்பாட்டில் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்து, இரண்டு நிமிஷத்துக்கு மேல் கழித்துத்தான் கைவிடும். கடைக்காரர் தோளுக்குப் பின்னால் நிற்கும்போது இரண்டு நிமிஷம் மிக நீளம்.

இந்த வேலையில் பாதி, வருகிற பதிலை வாசிக்கத் தெரிவதுதான். படலையில் நின்று கூப்பிட, "அவர் இல்லை" என்று உள்ளே இருந்து ஒரு குரல் வந்தால் வீடு சரி, ரோடு சரி, ஆள்தான் இல்லை. "கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்" அந்த ரகம். நாம் அனுப்பிய பாக்கெட், அதாவது தகவல் துண்டு, அங்கே போய்ச் சேர்ந்து, மறுப்பும் திரும்பி வந்திருக்கிறது. பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் எந்த புரோகிராமும் காது கொடுத்துக்கொண்டு இல்லை என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் டைம்அவுட் ஆனால் கதை வேறு: ஒன்றில் மெஷின் ஓஃப், இல்லாவிட்டால் யார் உள்ளே வரலாம் என்று பார்க்கிற ஏதோ ஒரு ஃபயர்வோல் வழியில் விழுங்கிவிட்டது. ஒரு மறுப்பைப் பார்த்தபிறகும் கேபிளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். முதல் இரண்டு வருஷம் நானும் அப்படித்தான்.

கிண்ணியாவில் ஒரு பார்மசி. டேட்டாபேஸ் டவுனில் இருக்கிற தாய்க்கடையில். மார்கழி மழையில் இரவு கரண்ட் போய் வந்திருக்கிறது. காலையில் கடைக்கார நானாவின் போன்: "தம்பி, ஒரு பில்லும் அடிக்கேலாம கிடக்கு." பாலம் தாண்டி நனைந்துகொண்டு போனேன். மெஷின் உயிரோடா என்று கேட்கிற பிங் போகிறது. ஆனால் பிங்குக்குப் போர்ட் என்றால் என்னவென்றே தெரியாது. அது போவதை வைத்து நிம்மதி அடையக் கூடாது. நெட்கேட்டில் 3306 அடித்தேன், டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லின் போர்ட் அது. கண் இமைக்க முன்னம் மறுப்பு. அப்போதே தெரிந்தது, கிண்ணியாவில் எனக்கு வேலை இல்லை. திரும்பவும் பாலம், திரும்பவும் மழை.

டவுன் பெட்டியில் எஸ்எஸ் கட்டளையை ஓடவிட்டேன். பழைய நெட்ஸ்டாட்டின் இடத்துக்கு வந்தது அது. எந்தப் புரோகிராம் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று காட்டும். 3306க்கு நேரே 127.0.0.1 என்று இருந்தது. அதாவது மைஎஸ்கியூஎல் தன் மெஷினுக்குள் மட்டும்தான் பேசும், வெளியாள் வந்தால் இல்லை. உபுண்டுவோடு வருகிற ஃபைலில் அப்படித்தான் எழுதியிருக்கும். மூன்று கிழமைக்கு முன் அந்த மூல ஃபைலைத் திரும்ப வைத்தவன் நான். ரீஸ்டார்ட் பண்ணாமல் வீட்டுக்குப் போனவனும் நான். கரண்ட் போய் வந்தபோது அது அமுலுக்கு வந்துவிட்டது. இரண்டு கடைகளையும் இன்டர்நெட் வழியாக இணைக்கிற டனலின் முகவரியை அதில் எழுதலாம்தான், ஆனால் மெஷின் எழும்பும்போது டனல் பிந்தினால் மைஎஸ்கியூஎல் கிளம்பாமலே கிடக்கும். ஆகவே எல்லா முகவரிக்கும் திறந்துவிட்டு, டனல் வழியாக வருகிறவர்களுக்கு மட்டும் ஃபயர்வோலில் வழிவிட்டேன். 3306ஐ நேரடியாக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்கிறவர்களுக்கு என்னிடம் ஆறுதல் இல்லை.

அந்த டனலைப் போடுவது வயர்கார்ட் என்ற புரோகிராம். நெட்கேட் என்னை ஏமாற்றியது இதில்தான். வயர்கார்ட் ஓடுவது யூடிபியில், வழக்கமாக 51820. டிசிபியில் மாதிரி அனுப்ப முன்னம் இரு பக்கமும் கைகுலுக்கிக்கொள்வது யூடிபியில் கிடையாது. "கிடைக்கவில்லை" என்று யாரும் திருப்பிச் சொல்லாவிட்டால் நெட்கேட் அதை வெற்றி என்று எழுதிவிடும். ஒருமுறை டவுன் ரவுட்டர் ரீசெட் ஆகி, வெளியிலிருந்து வருவதை உள்ளே சேர்வருக்கு அனுப்புகிற போர்ட் ஃபோர்வர்ட் அழிந்துபோனது. ரவுட்டர் பாக்கெட்டை மௌனமாக எறிகிறது, நெட்கேட் "சக்ஸீடட்" என்கிறது. ஒரு முழுப் பின்னேரம் நான் வயர்கார்ட்டின் அடையாளச் சாவிகளைத் திரும்பத் திரும்ப ஒப்பிட்டுப் பார்த்தேன். போர்ட்டுகளை வரிசையாகத் துழாவுகிற என்மேப்பிலும் விடிவில்லை, சரியான சாவி இல்லாத பாக்கெட்டுக்கு வயர்கார்ட் பதிலே சொல்லாது, ஆகையால் நல்ல வயர்கார்ட்டும் "ஓப்பன் அல்லது ஃபில்டர்ட்" என்றுதான் வரும். கடைசியில், வந்து போகிற பாக்கெட்டுகளைக் காட்டுகிற டிசிபிடம்ப்பைச் சேர்வரில் போட்டுப் பார்த்தேன். 51820க்கு ஒரு பாக்கெட்கூட வரவில்லை. ஐந்து நிமிஷ வேலை. இப்போது யூடிபி என்றால் நேரே டிசிபிடம்ப், பிறகு வயர்கார்ட் தன்பாட்டில் செய்துகொள்கிற கைகுலுக்கலில் கடைசியானது எத்தனை நிமிஷத்துக்கு முன் என்பது. நெட்கேட்டை அந்தப் பக்கம் கொண்டுபோவதில்லை.

விண்டோஸ்காரர்களுக்கு: இதே சோதனைக்குப் பலர் எடுக்கிற டெல்நெட் விஸ்டாவிலிருந்து தானாக வருவதில்லை, நாம்தான் ஓன் பண்ண வேண்டும். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் இருக்கிறது, இப்போதைய விண்டோஸில் கூடவே வரும், நல்லது. ஆனால் மறுப்பையும் மௌனத்தையும் ஒரே "ஃபோல்ஸ்" ஆகச் சுருக்கிவிடும். எனக்கு வேண்டிய தகவலே அதில்தான் இருக்கிறது.

என்மேப் 1997இலிருந்து இருக்கிறது. சும்மா விட்டால் அதிகம் பாவனையில் உள்ள 1000 போர்ட்டுகளைப் பார்க்கும். ஆட்கள் இதைப் பெரிதாகக் கதைப்பார்கள். நான் எடுப்பது குறைவு, யாரோ பொருத்திவிட்டுப் போன டிவிஆர் (கமராவின் பதிவுப் பெட்டி) எந்த ஐபியில் ஒளிந்திருக்கிறது என்று தேட. அடுத்தவர் நெட்வொர்க்கில் அனுமதி கேட்காமல் ஓட்ட வேண்டாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இங்கே இருக்கிறது.

நிலாவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். கமரா வெளியிலிருந்து தெரியவில்லை. ஃபோர்வர்ட் சரி, டிவிஆர் சரி. முதலாளி தன் வைஃபையில் நின்றுகொண்டே தன் வெளி ஐபியை அடித்துப் பார்க்கிறார். பல ரவுட்டர்கள் அதை உள்ளுக்குள் திருப்பிவிடாது, அந்தச் சோதனை செல்லாது. வைஃபையை நிறுத்தி மொபைல் டேட்டாவில் பார்த்தோம். மௌனம். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தால் வெளி முகவரி 100.72 என்று தொடங்குகிறது. 100.64இலிருந்து 100.127 வரை, பல வாடிக்கையாளரை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைக்கிறதற்காக 2012இல் ஒதுக்கியது. அதற்குள் இருந்தால் நம் ரவுட்டரில் எத்தனை ஃபோர்வர்ட் போட்டாலும் வீண். இணைப்புக் கம்பனியின் ஹொட்லைன் மூன்று தரம் "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க" என்றது. பண்ணினோம், மரியாதைக்கு. பிறகு டிவிஆரை வெளியே ஒரு வாடகை சேர்வருக்கு டனல் போட வைத்தேன்.

நெட்கேட்டை நான் விடாததற்கு இன்னொரு காரணம், பில் பிரின்டர். 9100 போர்ட்டுக்குக் கனெக்ட் பண்ணி ஒரு வரி அடித்து என்டர் தட்டினால் தாள் வெளியே வரும். வந்தால் பிழை பில்லிங் சொஃப்ட்வெயரில், பிரின்டரில் இல்லை. ஒருமுறை ஆசைக்கு "வணக்கம்" என்று தமிழில் அடித்தேன். ஒரு வரி முழுக்கப் பூச்சி பூச்சியாக வந்தது. கிண்ணியா பார்மசி நானா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "டொக்டர் எழுத்து மாதிரிக் கிடக்கு, மருந்து குடுக்கலாம்" என்றார்.

இப்போது அவர் போன் எடுத்தால் முதல் சொல்கிறதே வேறு. "தம்பி, இண்டைக்கு உடனே சொல்லல்ல, சுத்திச் சுத்திப் போட்டுத்தான் எரர் வருது." சரி நானா, டவுன் கடையில் கரண்ட் இருக்கா என்று கேளுங்கள், நான் ஹெல்மெட்டை எடுக்கிறேன்.